எந்தத் துவக்கு நல்லது

சோறு அவிக்கும் குக்கர் ஒன்று வாங்குவதற்கே மூன்று கிழமை மண்டையைப் போட்டு உடைத்தவன் அபிஷன். அவன் துவக்கு வாங்க வெளிக்கிட்டால் வீடு என்ன பாடுபடும் என்று சொல்லவா வேண்டும்? சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் பிறந்து வளர்ந்தவன். கட்டாய இராணுவப் பயிற்சியில் குறி பார்க்கப் பழகி, அந்தப் பைத்தியத்தில் ஊர்ச் சுடுகழகத்தில் சேர்ந்து, சனிக்கிழமை தவறாமல் முந்நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள கறுப்பு வட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கழகத்து இரவல் துவக்கு இனிப் போதாதாம். சொந்தமாக ஒன்று வேண்டுமாம்.

ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் சோற்றோடு இரண்டு துவக்குகளும் பரிமாறப்பட்டன. ஒன்று சிக் கம்பனியின் பி.இ. 90. இராணுவத் துவக்கைப் பொதுமக்களுக்காக மாற்றிச் செய்தது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். நாலு கிலோப் பாரம், ஆனால் மடித்து விரிக்கிற முன்கால்கள் கூடவே வரும், இராணுவத் துவக்குப் போட்டிகளுக்கும் கொண்டுபோகலாம். மற்றது ஏ.ஆர். 15 வகை. ஒரு கிலோ குறைவு. பிடி, தோள்கட்டை, ஸ்கோப் எதையும் கழற்றி வேறு கம்பனியினதைப் பூட்டலாம். ஆனால் அதைக் கொண்டுபோனால் அந்தப் போட்டிகளில் வாசலிலேயே மறித்துவிடுவார்கள். அப்போ எது நல்லது? இந்தக் கேள்வியை அவன் மனைவி மதுஜாவிடம் கேட்பான். கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொல்வான். அடுத்த நாள் அந்தப் பதிலைத் தானே வெட்டியும் பேசுவான்.

மதுஜா கறியை ஊற்றியபடி ‘ம்’ கொட்டுவாள். வன்னியிலிருந்து கலியாணம் கட்டி வந்து அவளுக்கு மூன்று வருடம். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. துவக்கு வாங்கப் பொலிஸ் அபிஷனுக்குத் தந்த அனுமதிப் பத்திரம் இன்னும் ஒரு கிழமையில் காலாவதியாகிறது. ஆனாலும் அவள் ஓம் என்று சொல்லாமல் துவக்கு வீட்டு வாசல்படி மிதிக்காது என்று அபிஷன் வாக்குக் கொடுத்திருந்தான். நல்ல மனிசன். அந்த நல்ல குணம்தான் அவள் கழுத்தைப் பிடித்தது. ஓம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். அவன் ஆசையாகக் கதைக்கும் முகத்தைப் பார்த்தால் அந்த ஏனுக்குப் பதில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அவனை அவ்வளவு பிடிக்கும்.

அவனோ அவள் மௌனத்துக்குக் காரணம் இடநெருக்கடிதான் என்று முடிவுகட்டினான். துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரி அவளுடைய சேலை அலுமாரியை நெருக்கிவிடும் என்று பயப்படுகிறாளாக்கும். டேப்பை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் அளந்தான். சுவரை அப்படி அளந்தவன் பக்கத்தில் நின்றவளின் முகத்தை ஒருமுறை வடிவாகப் பார்த்திருந்தால் டேப்பே தேவைப்பட்டிருக்காது.

அந்தச் சனிக்கிழமை கழகத்தில் குடும்ப நாள். ‘வந்து பாரும், இரண்டையும் கையில வைச்சுப் பார்த்தால் உமக்கே விளங்கும்’ என்று கூட்டிப்போனான். ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு அவளும் போனாள். எட்டுப்பேர் வரிசையாகப் படுத்துச் சுட, குடும்பங்கள் பின்னால் மரவாங்குகளில் இருந்து சொசேஜ் சாப்பிட்டன. காதுக்கு மூடி கொடுத்தார்கள். மதுஜா சுவரோடு ஒட்டி இருந்தாள். ஒரு மணித்தியாலம் போயிற்று. வெயில் கொளுத்தியது. வெறும் போத்தல் அவள் மடியில் கிடந்தது.

தன் முறை முடித்து வந்த அபிஷன் அவளுடைய வறண்ட உதட்டைக் கண்டான். தண்ணீர்க் குழாய் பத்தடி தள்ளி, வாசலுக்கு வெளியே இருந்தது.

“போய்க் குடிக்கேல்லையோ மது?”

“சுடுறாங்கள். நிக்கட்டும், போறன்.”

அவன் சிரித்துவிட்டான். சுடுவது அந்தப் பக்கம், குழாய் இந்தப் பக்கம், நடுவில் சுவர் வேறு இருக்கிறது என்று விளக்கினான்.

“தெரியும்,” என்றாள். “கால் வருகுதில்லை.”

அவன் சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்தான். அவள் போத்தலைப் பார்த்தபடி சொன்னாள்.

“முள்ளிவாய்க்காலில பங்கருக்குள்ள இருந்து வெடிச் சத்தத்தை எண்ணுவம். சத்தம் நிண்டால் ஓடிப்போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வரவேணும். ஒருநாள் காலமையில இருந்து நிக்கவே இல்லை. தம்பி தண்ணி கேட்டு அழுதான். அம்மா பொறுக்கேலாமல் வாளியோட போனா.”

மாமி போரில் செத்தது அபிஷனுக்குத் தெரியும். தண்ணீர் எடுக்கப் போனது தெரியாது. கேட்டால் நோகும் என்று மூன்று வருடமும் அவன் கேட்கவே இல்லை. இரண்டு துவக்குகளைப் பற்றி ஒரு மாதம் விசாரித்தவனுக்கு இப்போது தன்னை நினைக்க வெட்கமாக இருந்தது.

எழுந்து சுடுவரிசைக்குப் போனான். அங்கே ஒரு விதி உண்டு: ஆபத்தென்று கண்டால் யாரும் நிறுத்தச் சொல்லலாம். சொன்னவர் யார் என்றுகூடப் பார்க்காமல் எல்லோரும் உடனே நிறுத்தவேண்டும். காரணமெல்லாம் பிறகுதான்.

“ஹால்ட்!” என்று கத்தினான்.

எட்டுத் துவக்குகளும் ஓய்ந்தன. ரவைக்கூடுகளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எட்டுப்பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுடுதளப் பொறுப்பாளரான பெரியவர் சுறுசுறுப்பாக வந்தார். அபிஷன் தாழ்ந்த குரலில் அவரிடம் ஏதோ சொன்னான். அவர் மதுஜாவைப் பார்த்தார், அவள் மடியிலிருந்த போத்தலைப் பார்த்தார். பிறகு வரிசைக்கு முன்னால் போய்க் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்.

மதுஜா எழும்பினாள். முதல் இரண்டடியும் ஓட்டமாகத்தான் வந்தது. பிறகு நடந்தாள். குழாயைத் திறந்து போத்தலை நிரப்பி, அங்கேயே நின்று முழுவதையும் குடித்து, மறுபடியும் நிரப்பினாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது, அழுகையும் வந்தது. பதினாலு வயதில் பங்கருக்குள் இருந்து அவள் கடவுளிடம் கேட்டது இவ்வளவுதான், அம்மா வந்து சேரும்வரை கொஞ்சம் நிறுத்தச் சொல்லு என்று.

அபிஷன் வாசலில் வந்து நின்றான்.

“அந்த பி.இ. 90ஐ வாங்குங்கோ,” என்றாள். “ஆனா இஞ்சை கழகத்திலயே பூட்டி வையுங்கோ. வீட்டை வேண்டாம்.”

“வேண்டாம்,” என்றான் அவனும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தொடங்கச் சொல்லட்டோ?” என்று கேட்டான்.

“இன்னும் கொஞ்சம் பொறுங்கோ.”

அவன் பொறுத்தான். உள்ளே எட்டுப்பேரும் பொறுத்தார்கள்.