பாதி ஓடு, பாதி கிரானைட்

வடக்குப்பட்டு நடுத்தெருவில் ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு கிடையாது. கம்பெனிக்கு நிலம் கொடுத்த பணத்தில் ஒருவர் தூண் வைத்த பங்களா கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் போட்டிக்குக் கண்ணாடி முகப்பு வைத்தார். எதிரே அரசாங்கத் தொகுப்பு வீடுகள். அதற்குப் பின்னால், தெற்கத்திப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் லைன் வீடுகள். நடுவில், ஒரே வீடாக இருந்து இரண்டாய்ப் பிரிந்த வீடு. அண்ணன் ஜீவானந்தம் தன் பாதியை இடித்து மூன்று மாடி எழுப்பிவிட்டார். தம்பி கலைமணியின் பாதி இன்னும் நாட்டு ஓடு.

கலைமணியின் மனைவி அமலாவுக்கு அந்த ஓட்டின் மேல் ஒரு பாசமும் இல்லை. மழை வந்தால் ஏழு பாத்திரம் வைக்க வேண்டும். தேள் வேறு.

"பொங்கலுக்குள்ள தளம் போட்டுர்றேன்டி" என்று கலைமணி அவள் கூந்தலைக் கோதிச் சொல்லும்போது மட்டும் நம்புவாள்.

தகராறு ஒரு மண்சுவரால் வந்தது. பழைய கூரையின் உச்சியைத் தாங்கும் முகட்டு வளை ஒரே நீளப் பனைமரம். அதன் ஒரு நுனி, அண்ணனின் கிரானைட் வராந்தா நடுவே மிச்சமிருந்த உயரமான மண்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தது. தன் பக்கம் தூண் எழுப்பும்வரை அதைத் தொடக் கூடாது என்று கலைமணி சொல்லியிருந்தான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

"சம்பந்தி வூட்ல வந்து பாத்துட்டு, இன்னா இது, வாசல்லயே பாத்ரூமான்னு சிரிக்கறாங்கடா" என்றார் அண்ணன்.

"சிரிக்கட்டுமே. வளை வுழுந்தா உன் கிரானைட்டா வந்து தாங்கும்?"

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, ரேஷன் அரிசியோடு திரும்பிய அமலா தெருமுனையிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். லாரி கவிழ்ந்தது போல இருந்தது. ஓடி வந்தபோது அவள் வீட்டுக்கு மேலே கூரை இல்லை. புழுதிதான் எழும்பிக்கொண்டிருந்தது. வராந்தாவில் மண்சுவர் இருந்த இடத்தில் கடப்பாரையோடு ஜீவானந்தம் நின்றார்.

"பெரிய மாமா! அவரு உள்ள தூங்கறாரு!"

"இன்னாது? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டான்னு..."

முடிக்கவில்லை. கடப்பாரையை வீசிவிட்டு ஓட்டுக் குவியலில் பாய்ந்தார். வெறுங்கையால் வாரி வாரி எறிந்தார். விரல்கள் கிழிந்தன. லைன் வீட்டிலிருந்து பூமாரி ஓடி வந்தாள். கார் கம்பெனியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பெண். அவளும் அமலாவும் ஆளுக்கொரு சட்டத்தைப் பிடித்து இழுத்தார்கள்.

கலைமணி பின்வாசல் பக்கமாகத் தானே எழுந்து வந்தான். நெற்றி பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. கையில் உடைந்த கூரைச் சட்டம்.

"தூங்கறவன் மேல வூட்டத் தள்றியாடா நாயே!"

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோரம். ஜீவானந்தம் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. பளபளக்கும் கிரானைட்டில் மல்லாந்து விழுந்தார். சட்டத்தில் இருந்த ஆணி அவர் கன்னத்தைக் கிழித்திருந்தது. மூன்றாவது அடி விலாவில்.

"ஐயோ, விட்ருங்கண்ணே! செத்துருவாவ!" பூமாரி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டினாள். உதறிய வேகத்தில் சுவரில் போய் மோதினாள்.

அமலாவுக்குத் திங்கட்கிழமை நினைவு வந்தது. குழாயடியில் அண்ணன் மனைவி லீலா கேட்டாள், இவள்தான் சொன்னாள்: இந்த வாரம் முழுக்க அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். புதன்கிழமை சூப்பர்வைசர் அவனை நைட் ஷிஃப்ட்டுக்கு மாற்றியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு அடி தலையில் விழுந்தால் அவள் புருஷன் கொலைகாரன்.

சட்டம் மறுபடி உயர்ந்தது. அமலா ஜீவானந்தத்தின் மேல் விழுந்து மறைத்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"நான்தான்யா சொன்னேன்!" அலறினாள். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுன்னு லீலாக்காகிட்ட நான்தான் சொன்னேன். மாத்துனதச் சொல்லல. நீ உள்ள கீறது அவருக்குத் தெரியாது!"

கலைமணி மூச்சிரைத்தான். "ஆளில்லன்னா இடிப்பானா?"

"இடிப்பேன்டா," என்று கீழிருந்து ஜீவானந்தம் ரத்தத்தோடு துப்பினார். "வெள்ளிக்குள்ள முடிச்சிடணும்னுதான் இடிச்சேன். வூட்டத்தான்டா. உன்ன இல்ல."

கலைமணி அமலாவின் கையைப் பார்த்தான். அது வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. சட்டம் நழுவியது. அருகே மண்டியிட்டான்.

"வலிக்குதாடி?"

"கேக்கறான் பாரு. கார எடுய்யா."

"அவன் காரையா?"

"அவரும்தான் வராரு."

"கொலகாரப் பாவி!" என்று திட்டிக்கொண்டே லீலா சாவியையும் துண்டையும் கொண்டுவந்து அவன் மேல் எறிந்தாள்.

முன் சீட்டில் அமலா, பின்னால் அண்ணன். ஒரு கண்ணைத் துடைத்துத் துடைத்து, கம்பெனி பஸ்களுக்கு நடுவே கலைமணி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான்.

"பூமாரி ரூம் பக்கத்துல ஒண்ணு காலியாக் கீது," என்றாள் அமலா. "இனிமே அங்கதான். கூப்ட்டாலும் வேற எங்கயும் வரமாட்டேன்."

"மேல ரெண்டு மாடி சும்மா..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாய மூடிக்கினு துண்ட நல்லா அழுத்திப் புடி," என்றான் கலைமணி, திரும்பாமல். "ரத்தம் நிக்கல."