பார்த்தாயிற்று

எங்கள் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, அணுக்களை எண்ணும் அந்த மெஷின் வந்த அன்றே மாமியார் என்று பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவர் மூத்த டெக்னீஷியன். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். எதைக் கொடுத்தாலும் குறை சொல்கிறதாம். சந்தேகம் வந்தால் அதன் திரையில் சிவப்பாக ஒரு வரி வரும்: 'கண்ணால் பார்க்கவும்'. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, மனிதர் யாராவது பாருங்கள் என்று அர்த்தம்.

நேற்று வந்தது நமக்குப் பாடம் எடுக்கிறது என்பார் அண்ணன். இருபது வருடம் இரத்தம் பார்த்த கண்ணாம் அவருடையது. மெஷின் வந்த மறுவாரமே மைக்ரோஸ்கோப்புக்கு உறை போட்டாயிற்று. உறையின் மேல் எங்கள் கைப்பைகள் தொங்கின. வேலை முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட்டு அதையே திட்டினோம். சிவப்பு வரி வந்தால், பார்க்காமலே, 'பார்த்தாயிற்று' என்ற பொத்தானை அழுத்துவோம். யார் முந்துவது என்று போட்டிகூட உண்டு. நானும் சிரித்துக்கொண்டே அழுத்தியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை என் அக்காவின் இரத்தம் வந்தது. கர்ப்பப்பைக் கட்டிக்காக மறுநாள் அவளுக்கு ஆபரேஷன். இரண்டு முறை தள்ளிப்போய்க் கிடைத்த தேதி. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இருக்கவேண்டியதில் கால்வாசிகூட இல்லை என்றது மெஷின். அந்த எண் அப்படியே போனால் ஆபரேஷன் இல்லை. எண்ணுக்குக் கீழே சிவப்பு வரி.

அண்ணன் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"இருங்கண்ணா. இது எங்க அக்கா."

"அட, அப்ப பாத்துடும்மா."

அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. சொந்தம் என்றால் பார்க்கலாம், ஊரார் என்றால் அழுத்தலாம். எனக்கும் அது அப்போது விசித்திரமாகப் படவில்லை.

பைகளை இறக்கி உறையைக் கழற்றினேன். லென்ஸில் தூசி. பழக்கம் விட்டுப்போனதில் முதல் தேய்ப்பு பாழ். இரண்டாவதில் தெரிந்தது: பிளேட்லெட்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதனால்தான் மெஷினுக்கு எண்ண வரவில்லை. குழாயில் இருக்கும் மருந்து சிலருக்கு இப்படி ஒட்டவைத்துவிடும்; வேறு வகைக் குழாயில் புதிதாக இரத்தம் எடுத்து ஓட்டினோம். குறை ஒன்றும் இல்லை.

"பாத்தியா, மாமியார் உளறிடுச்சு," என்று அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அது உளறவில்லை. 'எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நீங்கள் பாருங்கள்' என்றுதான் சொன்னது. அந்த அறையில் அப்படிச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மனம் நிறைந்திருந்தது. நிறைந்த மனதோடு யாரிடமும் சண்டை போட முடிவதில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

அவர் டீ குடிக்கப் போனார். திரையில் மறுபடி ஒரு சிவப்பு வரி. பெண், வயது நாற்பத்தொன்று. மைக்ரோஸ்கோப்பின் விளக்குகூட இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அக்காவிடம் நல்ல செய்தியைச் சொல்ல ஓடவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு அவசரம் இல்லை. அழுத்திவிட்டுப் போனேன்.

வார்டில் அக்கா என் கையை விடவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம், "எங்க தங்கச்சி அங்கதான் இருக்கா. ஒண்ணொண்ணையும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்பாங்க, நீ பயப்படாதே," என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் வயதை நான் கேட்கவில்லை.