பயம் தெளிந்த பிள்ளை

என் தம்பி தாணுலிங்கத்துக்கு ஊரில் நல்ல பேர். தூத்துக்குடிக் கடைத்தெருவில் அவனுடைய கருப்பட்டி மண்டியில் கால் வைக்காத வியாபாரி கிடையாது. கொழும்புக்குப் போகிற தோணிகளில் அவன் கருப்பட்டிச் சிப்பம் ஏறாத தோணி அபூர்வம். கூடப் பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை, கெட்டவன் இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டான் என்றால் பிரம்மாவே இறங்கி வந்து சொன்னாலும் கேட்கமாட்டான். நான் அவனுக்கு மூத்தவள். புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அவன் வீட்டோடு வந்து கிடக்கிறவள். என் பேச்சுக்கு அங்கே என்ன மரியாதை இருக்கும்? செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்களே, அந்தக் கதைதான். அந்தப் பழமொழி முன்பெல்லாம் என் வாயில் எந்நேரமும் கிடக்கும். இப்போது நான் அதைச் சொல்வதில்லை.

தம்பி பெண்டாட்டி சண்முகவடிவுக்குக் கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆளுக்கொன்று சொன்னார்கள். உப்பளத்து ஓரத்தில் இருக்கிற சுடலைமாடசாமிக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிறந்தவன்தான் அய்யாக்குட்டி. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. கடற்கரைப் பட்டினம் என்று ராத்திரி விளக்கேற்றுவதற்கே கட்டுப்பாடு. வேட்டுமருந்து கண்ணில் காணக் கிடைக்காது. கோயிலில் வருஷா வருஷம் நடக்கிற கொடைத் திருவிழாவும் பேருக்கு ஒரு பொங்கலும் ஒரு படையலுமாக முடிந்துவிடும். ஆக, பிள்ளை மேளத்தையோ வேட்டையோ கேட்காமலே வளர்ந்தான்.

அவனுக்கு அப்படி ஒரு காது. காக்கா கத்துவது எங்களுக்குக் கேட்கும் முன்பே விரலை மேலே நீட்டி "காக்கா" என்பான். நான் மண்டியில் தம்பிக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்து தெருவாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருந்து "அத்தே" என்று கூப்பிடுவான். அந்த ஒரு சொல்லுக்காக நான் வெயிலில் வேகுவேகு என்று நடந்து வருவேன். அத்தே, அம்மே, காக்கா, பூனை, தோசை; பிள்ளைக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

ஆனால் சத்தம் என்றால் பயப்படுவான். பித்தளைக் குடம் உருண்டால் உடம்பெல்லாம் விதிர்க்கும். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் வடிவின் சேலைக்குள் போய் முகத்தைப் புதைத்துக்கொள்வான். பிஞ்சுக் காதுதானே, வளர வளரச் சரியாகும் என்று நானும் வடிவும் விட்டுவிட்டோம். தம்பிக்குத்தான் அவமானம் தாங்கவில்லை.

"ஆம்பளப் பிள்ளை கொடம் உருண்டதுக்கு அழுதா நாளைக்கு எப்படிளா யாவாரம் பண்ணுவான்?" என்றான் வடிவிடம்.

"ஆமா, கொடத்தை உருட்டித்தானே யாவாரம் பண்ணப் போறான்?" என்றேன் நான். அவன் முறைத்துவிட்டுப் போனான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பயந்த பிள்ளையைக் கொடையன்று மேளத்துக்கும் வேட்டுக்கும் பக்கத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். பிள்ளை அழுது ஓய்ந்ததும் கோமரத்தாடி, அதாவது சாமி வந்து ஆடுகிறவர், நெற்றியில் திருநீறு பூசுவார். அதோடு பயம் தெளிந்துவிடும் என்பது பேச்சு. சண்டை முடிந்த மறுவருஷச் சித்திரையில் கொடையைப் பழையபடி நடத்த ஊர் கூடியபோது, தாணுலிங்கம் வீட்டுக்கு வந்து, "இந்தக் கொடையில அய்யாக்குட்டிக்குப் பயம் தெளிய வைக்கணும்" என்றான்.

வடிவு புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"வேண்டாமே. அவன் காது பொறுக்காது. இன்னும் ரெண்டு வருசம் போவட்டும்."

"சாமி குடுத்த பிள்ளைக்குச் சாமி சன்னதியில என்னளா வரும்?"

அதற்கு மேல் அவளுக்குப் பேசத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, பேசினேன். கேட்டால்தானே!

அந்த வருஷம்தான் எங்கள் கோயிலுக்கு முதன்முதலாக மதுரையிலிருந்து மைக் செட் வந்தது. பூவரச மரத்தில் இரண்டு பெரிய குழாய்களைக் கட்டி, காலையிலிருந்து பாட்டு பிளேட்டாகப் போட்டுத் தள்ளினான் மைக்காரன். பாட்டு என்றா சொன்னேன்? நெஞ்சுக்குள் உலக்கை போட்டு இடித்ததுபோல் இருந்தது. பக்கத்தில் நிற்கிறவளிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஊரோ வாயைப் பிளந்து பார்த்தது. இத்தனை வருஷம் வாயைக் கட்டிக் கிடந்த ஊர் அல்லவா, எவ்வளவு சத்தம் வந்தாலும் அவர்களுக்குப் போதவில்லை.

மதியக் கொடையில் தம்பி பிள்ளையை வாங்கிக்கொண்டு போனான். ஒரு பக்கம் நையாண்டி மேளம், தலைக்கு மேலே குழாய், எதிரே தரையில் நட்டு வைத்த வேட்டுக்குழல்கள். அய்யாக்குட்டி "அம்மே, அம்மே" என்று அலறியதை நான் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வடிவு ஓடினாள். நாலு பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். முதல் வேட்டு வெடித்தது. பிள்ளை வில்லாக வளைந்தான். பிறகு வரிசையாக வெடித்தன. புகை விலகியபோது அவன் அழவில்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு அப்பன் தோளில் சும்மா கிடந்தான்.

"தெளிஞ்சிட்டு! தெளிஞ்சிட்டு!" என்று குலவை போட்டார்கள். நாசமாய்ப் போகிற குலவை.

மறுநாள் பிள்ளையின் இரண்டு காதும் ஒழுகின. தலையணையில் ரத்தக்கறை. வடிவு அழுதாள். தம்பி கொஞ்சம் கலங்கித்தான் போனான், ஆனால் அவனே ஒரு சமாதானமும் கண்டுபிடித்தான். எதிர்வீட்டு ஜேசுபாதம் கடலில் சங்கு குளிக்கிறவன். சங்கு குளிக்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் ஆழத்தில் காது உடைந்து ஒழுகும். அப்புறம் எவ்வளவு ஆழம் போனாலும் வலி இருக்காது. காது திறந்துவிட்டது என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் கரையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

"ஏலே ஜேசுபாதம், காது ஒழுகினா நல்லதுதானல? பெறகு பயம் இருக்காதுல்லா?" என்று தெருவில் நின்றே கேட்டான் தம்பி.

"ஆமா அண்ணாச்சி" என்று தலையை ஆட்டினான் ஜேசுபாதம். அவன் யார் என்ன கேட்டாலும் "ஆமா அண்ணாச்சி" என்றுதான் சொல்வான். அவனுக்குக் காது கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

எண்ணெய் காய்ச்சி ஊற்றினோம். ஒழுக்கு நின்றது. அதற்குப் பிறகு அய்யாக்குட்டி சத்தத்துக்கு அழவே இல்லை. குடம் உருண்டாலும் தூங்குவான். கப்பல் சங்கு ஊதினாலும் தன்பாட்டுக்கு விளையாடுவான். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மண்டிக்கு வந்தவனுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தான். "என் மவன் சிங்கம்லா! வேட்டுக்கே அசையமாட்டான்" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தான். அவன் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து கூப்பிடும் குரல் வரவில்லை. முற்றத்தில் காக்கா வந்து உட்கார்ந்தால் பார்ப்பான், பேர் சொல்லமாட்டான். பூனை போயிற்று, தோசை போயிற்று. கடைசியில் "அம்மே" மட்டும் இருந்தது, அதுவும் கொழகொழத்துப் போயிற்று.

ஒருநாள் அடுக்களைக்குள் நுழைந்தேன். பிள்ளை தரையில் உட்கார்ந்து அரிசியை அளைந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வடிவு நின்றுகொண்டு வெண்கலக் கும்பாவைக் கரண்டியால் தட்டினாள். அவன் திரும்பவில்லை. ஓங்கித் தட்டினாள். நான்தான் துள்ளினேன். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்திருக்கிறது.

"மைனி, அவியகிட்டச் சொல்லிராதிய" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவிய தாங்கமாட்டாவ."

என்னைப்போல ஓட்டைவாய் இந்த ஊரிலேயே கிடையாது. அந்த வாயையும் மூடிக்கொண்டு இருந்தேன், அவளுக்காக.

ஸ்ரீவைகுண்டத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று தம்பியிடம் பொய் சொல்லிவிட்டு, அவளும் நானும் பிள்ளையோடு பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது, உள்ளே நரம்பும் அடிபட்டிருக்கிறது, மருந்து கிடையாது என்றார். வடிவு எழுந்திருக்கவே இல்லை. அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை போலும்.

"ஒருவேளை கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்மா. நல்ல உரக்கக் கூப்பிட்டுப் பாருங்க. ஒரு குரலாவது எட்டிச்சுன்னா பிள்ளைக்குப் பேச்சு திரும்பும்."

அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு வந்தாள். ஆனால் மண்டி ஆட்கள் வந்துபோகிற வீட்டில் எங்கே உரக்கக் கூப்பிடுவது? உரக்கக் கூப்பிட்டால் அவன் திரும்பாததை எல்லாரும் பார்ப்பார்களே! பிள்ளையின் காதோரம் வாயை வைத்து முணுமுணுப்பாள். அவன் கூச்சத்தில் சிரித்துக்கொண்டே தலையைச் சாய்ப்பான். இப்போதெல்லாம் பேசுகிறவர்களின் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேறு அவனுக்கு வந்திருந்தது. தம்பி அதையும் கொஞ்சல் என்றே நினைத்தான்.

அடுத்த சித்திரையும் வந்தது. பயம் தெளிந்த பிள்ளைக்கு மறுகொடையில் நேர்ச்சை முடிக்க வேண்டும். சாமி பீடத்துக்கு முன்னால் நின்று பெற்றவள் மூன்று தடவை பேர் சொல்லி அழைப்பாள். பிள்ளை மேளத்தையும் வேட்டையும் தாண்டித் தனியாக நடந்து வந்து திருநீறு வாங்க வேண்டும். தம்பி இந்த முறை நாலு குழாய் கட்ட ஏற்பாடு செய்திருந்தான்.

"ஏளா வடிவு, நீ மைக்குல கூப்பிடு. ஊரே கேக்கட்டும்" என்றான்.

அவள் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பாள் என்று பார்த்தேன். "சரி, கூப்பிடுதேன்" என்று உடனே சொல்லிவிட்டாள். அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"மைனி, டாக்டர் உரக்கக் கூப்பிடச் சொன்னாருல்லா? அந்தக் கொழாயவிட உரக்க நான் எங்க போய்க் கூப்பிட?" என்றாள். "அவன் திரும்பிருவான் மைனி. பெத்தவ கொரலு எட்டாமப் போவுமா?"

சுடலைமாடா, உனக்கு இந்த ஒன்றாவது முடியாதா என்று கும்பிட்டேன்.

கொடை மதியம். மேளத்தை அமர்த்தினார்கள், பாட்டை நிறுத்தினார்கள். அய்யாக்குட்டி பட்டுத்துண்டு கட்டிக்கொண்டு, வேட்டுக்குழல்களுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பனங்கொட்டையை மணலில் புதைத்து விளையாடிக்கொண்டிருந்தான். வடிவு மைக்கைப் பிடித்தாள்.

"அய்யாக்குட்டி" என்றாள்.

நாலு குழாயிலும் அந்தப் பேர் வெடித்தது. கூட்டம் முழுக்கத் திரும்பியது. நிழலில் படுத்துக்கிடந்த நாய் எழுந்து நின்றது. அய்யாக்குட்டி பனங்கொட்டை மேல் மண்ணைத் தள்ளினான்.

"அய்யாக்குட்டி! ஏ அய்யா!"

தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளை பார்க்கவில்லை. "விளையாட்டுப் புத்தி" என்று தம்பி எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

மூன்றாவது தடவை அவள் அழைத்தது அழைப்பே இல்லை. "என்னப் பெத்த அய்யா, ஒரே ஒருக்க திரும்பிப் பாரும்மா, ஒரே ஒருக்க..." கடல் வரைக்கும் போயிருக்கும் அந்தக் குரல். பெற்ற வயிறு கதறுவதை ஊர் முழுக்கக் கேட்டது, அவனைத் தவிர.

தம்பி சிரித்துக்கொண்டேதான் பிள்ளைக்குப் பின்னால் போனான். குனிந்து கையைத் தட்டினான். "ஏலே அய்யா" என்றான். பிறகு ஒருமுறை உரக்கச் சொன்னான். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து வடிவைப் பார்த்தான். அவள் மைக்கை நெஞ்சோடு பிடித்தபடி, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். என் தம்பியின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். பாவிப்பயலே, எத்தனை கற்கண்டு கொடுத்தாய்!

நேர்ச்சை முடிந்தது என்று நினைத்து வேட்டுக்காரன் திரியில் தீயை வைத்துவிட்டான். தாணுலிங்கம் பாய்ந்து மண்டியிட்டு, பிள்ளையின் இரண்டு காதையும் தன் கைகளால் இறுகப் பொத்தினான். வேட்டு வெடித்தது. யாரோ தன்னோடு விளையாடுகிறார்கள் என்று அய்யாக்குட்டி திரும்பி, அப்பனைக் கண்டு கெக்கலி கொட்டிச் சிரித்தான்.

மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். மைக்காரனும் பிளேட்டைப் போட்டான். தம்பி பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டு என்னவோ கத்தினான். ஒருத்தரும் திரும்பவில்லை. இரண்டடி தூரத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அய்யாக்குட்டி அப்பனின் உதட்டில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். நானும் அந்த உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "நிறுத்துங்கல, நிறுத்துங்கல" என்று கத்திக்கொண்டிருந்தான் என் தம்பி.