ட்ரிப் சுவிச் விழுந்த பெருநாள்

காத்தான்குடியில் மாப்பிள்ளையாக இருப்பது சுகமான வேலை. வீடு பெண்ணின் பெயரில், வீட்டு உறுதிப் பத்திரம் மாமியின் அலுமாரியில். மாப்பிள்ளைக்கு மிஞ்சுவது வாசலில் நின்று அழகு பார்ப்பது. ஆனால் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் குடும்பம் இரண்டுபடும். அதனால் ஊரில் ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அஸீமாவும் கலியாணம் முடித்த ஆறு வருடத்தில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

பெருநாள் லீவில் கத்தாரிலிருந்து வந்த அவள் புருஷன் றமீஸ், பிள்ளைக்கு ஒரு சட்டையும் வீட்டுக்குப் பதினான்கு கோர்வை லைட்டும் கொண்டுவந்திருந்தான். ஏன் பதினான்கு என்றால், எதிர்வீட்டில் பன்னிரண்டு.

கட்டத் தொடங்கியதும் அவன் மாமி, அஸீமாவின் உம்மா கைறுன்னிஸா குறுக்கே வந்து நின்றாள்.

“மருமகன், புதுப் பெயின்ட் அடிச்ச சுவர். ஆணி கீணி அடிக்கப்படா.”

மாமியின் சொல்லுக்கு மறுசொல் ஏது? உயரத்தில் போகவேண்டிய வயர், சோபா செற்றிக்குப் பின்னால் நிலத்தோடு ஊர்ந்து ஜன்னலுக்குப் போனது. அந்த நிலத்தில்தான் மகன் பாஹிம் தவழ்ந்தும் நடந்தும் திரிந்தான். ஒன்றேமுக்கால் வயது, எட்டுப் பல். கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள் போய்த்தான் வெளியே வரும்.

“கீழால வயர் போகுது. இவன் கடிச்சிருவான்” என்றாள் அஸீமா.

“கத்தார் சாமான் புள்ள, ஒண்டும் செய்யா. கொஞ்சம் சத்தம் போடாம இரி, றெக்கோர்ட் பண்ணுறன்.”

அவன் குடும்ப வட்ஸ்அப் குறூப்புக்குக் குரல் பதிந்துகொண்டிருந்தான். “பெருநாளைக்கு லைட் போடுறவங்க கவனம். சின்னப் புள்ளைகள்ட கைக்கு எட்டாம கட்டுங்க...” ஊருக்குத்தானே உபதேசம். முப்பது பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். அஸீமா செற்றியை முடிந்தமட்டும் சுவர்ப்பக்கம் தள்ளிவைத்தாள். வேறு என்ன செய்ய?

தலைப்பிறை கண்ட செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்ததும் றமீஸ் சுவிச்சைப் போட்டான். வீடு ஜெகஜோதியாக ஒளிர்ந்தது. எதிர்வீட்டு மாப்பிள்ளை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனான். றமீஸுக்குக் கத்தாரில் பட்ட வெயிலெல்லாம் ஒரே நொடியில் ஆறிப்போனது.

டக். வீடு முழுக்க இருட்டு.

கேற்றடியில் பழைய வயரின் மூட்டு ஒன்று உப்புக்காற்றில் களிம்பு பிடித்திருந்தது. றமீஸ் அதைத் துடைத்துக் கட்டி, விழுந்த சுவிச்சைத் தூக்கிவிட்டான். லைட் மறுபடி எரிந்தது. எல்லாரும் வாசலுக்குப் போய்ப் போட்டோ எடுத்தார்கள்.

மறுபடியும் டக். இந்தமுறை இருட்டோடு பாஹிம் வீரிட்டான்.

“இருட்டுக்குப் பயந்திட்டான்” என்றாள் மாமி.

“புள்ளயத் தூக்கு” என்று சொல்லிவிட்டு, அத்தனை பேரும் ட்ரிப் சுவிச்சைத் திட்டத் தொடங்கினார்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டை அணைக்கும் அந்தச் சின்னக் கறுப்புச் சுவிச் அன்று வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

“அது தும்மினாலும் விழும் மச்சான்” என்றான் அஸீமாவின் தம்பி றிப்ஷான். அவனுக்கு வேலை போன் கடையில், படிப்பு யூடியூப்பில். “அதக் கழட்டிப்போட்டு வயர நேரா முறுக்கி விட்டா விழவே விழாது.”

றமீஸ் ஸ்க்ரூட்ரைவரோடு, சுவிச் பெட்டிக்குக் கீழே போட்ட கதிரையில் ஏறினான்.

அஸீமா போன் வெளிச்சத்தில் பிள்ளையைத் தேடினாள். செற்றிக்கும் சுவருக்கும் இடையில், ஒரு பூனை நுழையும் அளவு இடத்தில் அவன் கிடந்தான். கீழுதட்டில் கரண்ட் சுட்ட ஒரு வெள்ளைப் புள்ளி. கையில் வயர், எச்சில் வடிய. வயரில் வரிசையாகப் பல் தடம், அதற்குள்ளே செம்பு மினுங்கியது. அவள் வயரைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளையை அள்ளினாள். முன்னால் எல்லாரும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்த சுவிச்தான் அவள் பிள்ளையைத் திருப்பித் தந்திருந்தது.

“இறங்குங்க” என்றாள்.

“ரெண்டு நிமிசம் புள்ள. எதிர்வீட்டான் பார்த்துச் சிரிக்கான்.”

“வீடு என்ட பேரில கிடக்கு. என்ட வீட்டுச் சுவிச்சில கை வெக்காம இறங்குங்க!”

வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. “புருஷன்ட முகத்துக்கு நேரயா புள்ள இப்பிடிச் சொல்லுற!” என்று கைறுன்னிஸா நெஞ்சில் கைவைத்தாள். அஸீமா பிள்ளையின் உதட்டுக்கும் வயரின் பல் தடத்துக்கும் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

கதிரையிலிருந்து றமீஸ் இறங்கியது யாருக்கும் தெரியாது, விழுந்தான் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பரிசோதித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். “வீட்டில ட்ரிப் சுவிச் இருக்கா?”

“இருக்கு” என்றாள் அஸீமா.

“அதுதான்” என்று சொல்லி அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், மன்னிப்புக் கேள் என்று உம்மா முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தாள். அஸீமா மெல்லத் தொடங்கினாள். “நான் வீட்டப் பத்திச் சொன்னது...”

“சொன்னது சரி” என்றான் றமீஸ். “இனி அந்தப் பெட்டியில ஆரு கை வெச்சாலும் சொல்லு. நான் வெச்சாலும் ஊருக்கே கேட்கச் சொல்லு.”

தெருவெல்லாம் லைட் எரிந்தது. அவன் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் மடியில் பாஹிம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறான்தானா என்று வீடு வரும்வரை பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தான் வாப்பா.