டாக்டரம்மாவின் மலையேறும் வண்டி

கரும்பச்சை நிறத்தில், கட்டுமஸ்தாக, இடுப்பளவு டயர்களோடு வாசலில் நின்ற வண்டியை மாட்டு டாக்டரம்மா காப்பி டம்ளரும் கையுமாக இரண்டு முறை சுற்றி வந்தாள். இத்தனை வருஷமும் ஒரு குட்டிக் காரில்தான் பண்ணை பண்ணையாக அலைந்தாள். தார்ச்சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேடேறுவாள். இது மேடுபள்ளத்துக்கென்றே செய்த வண்டி. வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

"கடைத்தெருவுக்கு நானே கொண்டுபோய் விடறேன், வாங்க அத்தை" என்று மாமியாரைக் கூப்பிட்டாள்.

மாமியார் கதவைத் திறந்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "ஏம்மா, இதுல ஏற ஏணி ஏதும் குடுத்தாங்களா?"

கணவர் சிரித்தபடி முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

உட்கார்ந்ததும் டாக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. மதில்களுக்கு மேலாகத் தெருவே தெரிந்தது. ஸ்டியரிங் சற்றுக் கனம்தான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டது. வேகத்தடையில் மட்டும் பின்பக்கம் தூக்கிப் போட்டது.

"பஸ்ஸுல கூட இப்படிக் குலுங்காது" என்றாள் மாமியார். "ஜன்னல் ஓரமா ஏதோ விசிலடிக்குது பாரு."

"காத்து அத்தை."

"பழைய கார்ல காத்து சத்தம் போடாமத்தான வந்துது?"

கடைத்தெருத் திருப்பத்தில் போன் அடித்தது. மலைமேல் பண்ணை வைத்திருப்பவர். குரலில் பதற்றம். "டாக்டரம்மா, மாடு விடியக்காலம் புடிச்சு முக்குது. கன்னோட ஒரு கால்தான் வெளிய தெரியுது. உங்கள ஏத்திட்டு வர டிராக்டர அனுப்பினேன், அது பாதி வழியில சேத்துல மாட்டிக்கிச்சு!"

"நீங்க மாட்டுகிட்டயே இருங்க. நான் வண்டியிலயே மேல வரைக்கும் வந்துடறேன்."

அந்த வார்த்தையை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபோது முதுகு தானாக நிமிர்ந்தது.

"அத்தை, உங்கள இறக்கிவிட்டுட்டு..."

"வாயில்லா ஜீவன் அங்க துடிக்குது. போம்மா நீ!"

மழையில் ஊறிய மண்பாதையில் டிராக்டர் குறுக்கே புதைந்து கிடந்தது. டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கல்லும் கரடுமாக ஒரு சரிவு. அதை விட்டால் வழியில்லை. டாக்டரம்மா வண்டியை நிறுத்தி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான சின்ன லீவரைத் தள்ளினாள். வண்டி ஆமை வேகத்தில் சரிவில் கால் வைத்தது. பாதி ஏறியதும் இடது முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. முன்கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரிந்தது. மாமியார் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். பின்சக்கரம் ஒன்று சும்மா சுற்றிச் சேற்றை வாரியடித்தது. டாக்டரம்மா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. சட்டென்று மற்ற சக்கரங்கள் கல்லைக் கவ்வின. வண்டி உறுமிக்கொண்டு மேலே வந்து நின்றது.

கொட்டகையில் கன்றின் இன்னொரு கால் உள்ளே மடங்கியிருந்தது. கன்றைப் பைய உள்ளே தள்ளி, காலை நிமிர்த்தி, பண்ணைக்காரரோடு சேர்ந்து இழுத்தாள். வழுக்கி விழுந்த கன்று ஒரு தும்மல் போட்டது. தாய் திரும்பி நக்க ஆரம்பித்தது.

கைகழுவிக்கொண்டு வந்தபோது, மாமியார் பண்ணைக்காரர் மனைவிக்கு வண்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"டிராக்டரே திணறின இடம். எங்க மருமக அலட்டிக்கவே இல்ல!"

"உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"எனக்கென்ன பயம்? பக்கத்துலயே உக்காந்து வழி சொன்னதே நான்தான!"

டாக்டரம்மா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மலையிறங்கும்போது டிராக்டரை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். டிரைவர் தயங்கினான். "கார வச்சு டிராக்டர இழுக்கறதா? யாராவது பாத்தா சிரிப்பாங்க மேடம்."

"இது காரா? கண்ணத் தொறந்து பாருப்பா" என்றாள் மாமியார். "கயித்தக் கட்டு!"

கயிறு விறைத்தது. முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதில் டிராக்டர் சளக்கென்று சேற்றைவிட்டு வெளியே வந்தது.

மாலையில் வாசலில் நின்ற வண்டியில் பச்சையைத் தேட வேண்டியிருந்தது. கணவர் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தார்.

"இன்னிக்கு வேணாங்க" என்றாள் டாக்டரம்மா. "நாலு பேர் பாக்கட்டும்."