எமில்டா வீட்டு வாங்கு

இது நடந்தது கொரோனாவுக்கு முந்திய மாரியிலா, பிந்தியதிலா என்று இதைச் சொல்பவனுக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் கனடாவில், ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் எமில்டா வீட்டில் கிடந்த பள்ளிக்கூட வாங்கு, அந்த நீள மர இருக்கை, ‘ஊரிலை எவடம்?’ என்று யாராவது கேட்டால் புகைந்தது என்பதில் சந்தேகமில்லை. அபாயமணி அடித்த தேதிகள் கட்டட அலுவலகத்தில் இருக்கின்றன. வழி அறியக் கேட்டால் அது புகையாது. சாதி அறியக் கேட்டால்தான் புகையும். வாங்குக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது.

1930இல் அது யாழ்ப்பாணக் கிராமமொன்றில், பாதிரிமார் நடத்திய ஓலைக்கூரைப் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. அதுவரை சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் நிலத்திலும் இருந்து படித்தார்கள். இனி எல்லோரும் சரிசமமாக இருக்கவேண்டும் என்று கட்டளை வந்தது. எமில்டாவின் தகப்பன் சீமோன் ஒன்பது வயதில், ஒரு திங்கட்கிழமை, முதன்முதலாக வாங்கில் ஏறி இருந்தார். கால் நிலத்தில் முட்டவில்லை என்பதைச் சாகும்வரை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது பள்ளிக்கூடம் சாம்பலாகக் கிடந்தது. முனை கருகிய இந்த ஒரு வாங்கைத்தான் அவருடைய ஆட்களால் தூக்கிவர முடிந்தது. அடுத்த வருடம் இருபத்தொரு வயதான எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. யாழ்ப்பாணத்தில் முழுச் சுதந்திரம் கேட்டுத் தேர்தலையே பகிஷ்கரித்தார்கள். பிறகு பதினேழு வருடத்தில் சுதந்திரமும் வந்தது. வாங்கின் சூடு ஆறவில்லை. போர் நின்றிருந்த சமாதான காலத்தில் அது கப்பலேறி ஸ்காபரோவுக்கு வந்தது. குளிர்காலத்தில் எமில்டா அதன்மேல் ஈரக் காலுறைகளைக் காயப் போடுவார்.

எமில்டாவின் மகன் றிச்சர்டை, தியாகலிங்கத்தின் மகள் நிலாணி விரும்பினாள். தியாகலிங்கம் முப்பது வருடம் நகர பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கலியாணப் பேச்சுக்குப் போகும்போது, காரில் நிலாணி ஒன்றைத்தான் கேட்டாள்: “அப்பா, ப்ளீஸ், அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம்.” அவர் ஓம் என்றார். சோபாவில் இருந்தார், ரோல்ஸ் சாப்பிட்டார், ஸ்னோ டயர் பற்றிக் கதைத்தார். பிறகு நேரம் கேட்பதுபோலக் கேட்டுவிட்டார்:

“அப்ப, ஊரிலை நீங்கள் எவடம்?”

கருகிய முனையிலிருந்து புகை எழுந்தது. மணி அடித்தது. பதினொரு மாடியும் படிகளால் இறங்கிப் பார்க்கிங்கில் பனிக்குள் நின்றது. எமில்டா தன் சால்வையைக் கழற்றித் தியாகலிங்கத்தின் தோளில் போட்டார். “பயப்பிடாதேங்கோ அண்ணை, உது பழகின புகை. முப்பதாம் ஆண்டு ஊரிலை எரிச்ச பள்ளிக்கூடத்து வாங்கிலையிருந்து வாறது.”

ஒன்பதாம் மாடிக் கரோலின் வீட்டுச் செருப்போடு வந்தாள். “எமில்டா அக்கா, இண்டைக்கு ஆர் கேட்டது?”

“சம்பந்தி.”

“அப்ப கலியாணம் முடியிறதுக்குள்ளை நான் நல்லா மெலிஞ்சிடுவன்.”

நிலாணி சிரிக்கவில்லை. “நான் கட்டத்தான் போறன் அப்பா. வாறதும் வராததும் உங்கடை விருப்பம். ஆனா வராட்டி, பிறகு நானும் உங்கடை வீட்டை வரமாட்டன்.”

தியாகலிங்கம் சால்வையில் ஏறியிருந்த புகையை முகர்ந்தார். மண்ணெண்ணெயும் ஓலையும் சேர்ந்து எரியும் அந்த மணம் அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவருடைய தகப்பனின் வலது கையில் அது இருந்தது. தகப்பன் கதர் உடுத்தியவர்; வெள்ளைக்காரனிடம் சுயராச்சியம் கேட்டு ஊர் ஊராகப் பேசியவர். அந்தக் கையைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். மணம் போகவில்லை. செத்த வீட்டில், கொள்ளி வைக்கும் முன்பே வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஏன் என்று தியாகலிங்கம் யாரிடமும் கேட்டதில்லை. ஊரில் எல்லோரிடமும் எவடம் என்று கேட்டவர், தன் வீட்டில் அந்த ஒன்றைக் கேட்கவில்லை. மாலை போட்ட தகப்பனின் படத்துக்கு முன்னால் மாரி முழுவதும் வந்து வந்து நின்றார். நிலாணி வரவில்லை.

பனி கரைந்ததும் தனியாக பஸ் ஏறிப் போனார். எமில்டா கதவைத் திறந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

“தங்கச்சி, அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தின ஆக்களிலை என்ரை அய்யாவும் ஒராள்.”

வாங்கைப் பார்த்தார். புகையவில்லை. எமில்டா போய்க் கேத்தலைப் போட்டார். கேத்தல் கொதித்துத் தானாகவே நின்றது.

“இருங்கோ அண்ணை,” என்று வாங்கைக் காட்டினார்.

“உங்கடை அய்யா எந்தப் பக்கம் இருந்தவர்?”

“அந்தக் கருகின பக்கம்.”

அவர் மற்ற முனையில், வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளைபோல ஒதுங்கி இருந்தார். ஆறடி உயரமானவர், ஆனாலும் கால் நிலத்தில் முட்டவில்லை. எமில்டா தேநீரோடு வந்து கருகிய முனையில் இருந்தார். அவருக்கும் முட்டவில்லை. இருவரும் கால்களை ஆட்டியபடி தேநீரைக் குடித்து முடித்தார்கள்.

ஆனியில் கலியாணம் நடந்தது. காலையில் தேவாலயத்தில், மாலையில் மண்டபத்தில். தியாகலிங்கம் இரண்டுக்கும் போனார். தகப்பனின் படத்தை அவர் கழற்றவில்லை. மாலையை மட்டும் கழற்றினார். எமில்டா அதே பதினோராம் மாடியில் இருக்கிறார். மணி அடிப்பதில்லை என்பதால் தனக்கு உடம்பு வைத்துவிட்டது என்று கரோலின் குறைப்படுகிறாள். வாங்கு இப்போது யூனியன்வில்லில், நிலாணியும் றிச்சர்டும் வாங்கிய வீட்டில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. விருந்தாளிகள் இன்னும் கேட்கிறார்கள், அது இன்னும் புகைகிறது. எழுந்துபோய் யன்னலைத் திறப்பது தியாகலிங்கத்தின் வேலை. கருகிய முனையில் பேத்தி அட்சயா இருந்து சாப்பிடுகிறாள். அவளுக்கு நாலு வயது. கால் நிலத்தில் முட்டாதது அவளுக்கு ஒரு அதிசயமாகத் தெரிவதில்லை.