ஆளுக்கு இரண்டு பதில்

நர்ஸுகளுக்கான இணையவழிப் பாடம் ஒன்றை நடத்துகிறேன். வாரம் ஒரு தலைப்பு. ஆளுக்கு ஒரு பதிவு, மற்றவர்களுக்கு இரண்டு பதில். போட்டுவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழும். நான் டிக்கைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிடுவேன். அறுபது பேர் எழுதுவதை யார் உட்கார்ந்து படிப்பது?

ஆறாவது வாரத் தலைப்பு, 'வேலையில் நான் செய்த தவறு'. எல்லாருக்கும் பச்சை. அடுத்த வாரம், குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் ஒருத்தி பாடத்திலிருந்து விலகுவதாக ஒரு வரி அனுப்பியிருந்தாள். அப்போதுதான் அவளுடைய பதிவைத் திறந்தேன்.

பக்கத்துக் கட்டில் குழந்தைக்குப் போடவேண்டிய ஊசியை இன்னொரு குழந்தைக்குப் போட்டுவிட்டாள். உடனே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், குழந்தை பிழைத்துக்கொண்டது. 'அதிலிருந்து ஊசியை எடுத்தாலே கை நடுங்குகிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று நினைக்கிறேன்' என்று முடித்திருந்தாள்.

கீழே இரண்டு பதில். 'நல்ல கருத்து, உடன்படுகிறேன்.' 'அருமை.' இரண்டாவதைப் போட்டவர் எல்லாருக்கும் அதையே போடுகிற ஆண் நர்ஸ். வகுப்பில் அவருக்கு அருமை அண்ணன் என்றே பெயர்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த 'உடன்படுகிறேன்' என்பதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

போன் செய்தேன்.

"நீங்களாவது படிச்சீங்களா மேடம்?"

"இல்லம்மா. டிக்கைத்தான் பார்த்தேன்."

"வேலையையும் விடறேன். லெட்டர் குடுத்துட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது.

"உன் பதிவை மறுபடி மேல போடட்டுமா?"

"போடுங்க. என்ன ஆகப்போகுது."

அவள் பதிவை மேலே போட்டு, டிக்கையும் இரண்டு பதில் கணக்கையும் தூக்கிவிட்டேன். மதிப்பெண் கிடையாது, சொல்ல இருப்பவர்கள் மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினேன். படிக்காமல் மதிப்பெண் போட்ட என் தவறையும் கீழே எழுதினேன். இரண்டு நாள் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அருமை அண்ணன் வந்தார்.

'தங்கச்சி, அன்னைக்குப் படிக்காமலே போட்டுட்டேன், மன்னிச்சுக்கோ. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நானும் ஒரு பெரியவருக்கு மருந்தை மாத்திக் குடுத்தேன். பயந்துகிட்டு யார்கிட்டயும் சொல்லல. அவர் பிழைக்கல. நீ சொன்ன, அந்தக் குழந்தை பிழைச்சுது. வேலையை விடவேண்டியது நீ இல்ல.'

ஒரு மணி நேரம் கழித்து அவள் எழுதினாள்.

'வேலையை விடறேன்னு குடுத்த லெட்டரை நாளைக்குத் திருப்பி வாங்கிக்கறேன் அண்ணா. இதை இத்தனை வருஷமா யார்கிட்டயுமே சொல்லலையா?'

ஏழு வாரத்தில் அந்தப் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரைக் கேட்ட முதல் கேள்வி அது.

'இல்லம்மா' என்று அவர் பதில் போட்டார். 'யாரும் கேக்கல.'